ரூட் பன்னிரண்டும் ரூட் இருபத்தேழும்

நான் முதன்முதலாகக் கணக்கு சொல்லிக்கொடுத்தது என்னைவிடப் பதினாறு வயது மூத்த ஒரு மாணவிக்கு. என் சித்திதான் அது, அம்மாவின் தங்கை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

ஏற்காட்டில் நாங்கள் குடியிருந்த காப்பி எஸ்டேட்டில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் இருந்தது. அதைக் கவனித்துவந்த அம்மாள் வேலையை விடப்போகிறார், பத்தாவது தேறிவிட்டால் அந்த இடம் உனக்குத்தான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சித்தியிடம் சொல்லிவிட்டார். எட்டாவதோடு நின்றுபோயிருந்த சித்தி திறந்தநிலைப் பள்ளியில் பெயரைப் பதிந்துகொண்டு புத்தகங்களோடு வந்து நின்றாள். மற்ற பாடங்களை அவளே சமாளித்துக்கொண்டாள். ரூட், அதாவது வர்க்கமூலம், போட்ட கணக்குகளில்தான் வண்டி நகரவில்லை. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஞாயிறுதோறும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டேன். தப்பாகப் போட்டால் பத்து முறை எழுதச் சொன்னேன். சித்தியும் முகம் கோணாமல் எழுதினாள்.

ரூட் இரண்டையும் ரூட் மூன்றையும் கூட்டி ரூட் ஐந்து என்று போடுவதை மட்டும் அவள் விடவே இல்லை. நாலைந்து ஞாயிறு போராடிவிட்டு, கடைசியில் காப்பிப் பழத்தை உதாரணமாகக் கொண்டுவந்தேன். பழம் பறிக்கிறவர்கள் சாயங்காலம் எடை போடுவதற்கு முன் கூடையைச் சாக்கில் கொட்டி, சிவந்த பழத்தைத் தனியாகவும் பச்சைக் காயைத் தனியாகவும் பிரிப்பார்கள். கலந்துவிட்டால் வாங்கமாட்டார்கள். ரூட்டும் அப்படித்தான், உள்ளே ஒரே எண் இருந்தால் கூட்டு, வேறு எண் இருந்தால் தொடாதே என்றேன். சித்தியின் முகம் தெளிந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு" என்றாள். அன்றிலிருந்து ஒரு கணக்கும் தப்பவில்லை.

எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான் என்பதை நான் சொல்லவில்லை. வகுப்பில் அந்தப் பாடத்தின் பின்பாதியை நடத்தியபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கங்களில் என்னவோ இருந்தது. சித்திக்கு அதெல்லாம் வேண்டாம் என்று நானே தீர்மானித்துத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரலில் சித்தி பரீட்சை எழுதினாள். அடுத்த வாரமே எங்கள் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வுக்காக டீச்சர் பழைய பாடங்களைத் திருப்பினார். ரூட் பன்னிரண்டையும் ரூட் இருபத்தேழையும் கரும்பலகையில் எழுதினார். பன்னிரண்டு என்பது நான்கு பெருக்கல் மூன்று, அதனால் இரண்டு ரூட் மூன்று. இருபத்தேழு என்பது ஒன்பது பெருக்கல் மூன்று, அதனால் மூன்று ரூட் மூன்று. கூட்டினால் ஐந்து ரூட் மூன்று. வெளியே பார்க்க வேறுவேறாக இருந்தவை கூடிவிட்டன.

அந்த ஞாயிறு சித்தி பலாச்சுளையோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரூட் பன்னெண்டும் ரூட் இருவத்தேழும் வந்துச்சு கண்ணு. சேராதுன்னு எழுதிட்டு வந்துட்டேன். செரிதானே?" என்று கேட்டாள்.

"செரிதானுங்க சித்தி" என்றேன். கையிலிருந்த பலாச்சுளையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

அந்தக் கணக்குக்கு மூன்று மதிப்பெண். சித்திக்குக் கணக்கில் தேற இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. காப்பகத்து வேலை குப்பனூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அம்மா இரண்டு நாள் புலம்பித் தீர்த்தாள். சித்தி இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுகூட நான் வேண்டிக்கொண்டேன், அவள் முகத்தைப் பார்க்க அவ்வளவு பயம்.

ஆனால் பள்ளி திறந்த மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்டோபரில் திரும்ப எழுதப்போகிறாளாம். அம்மா ஆச்சரியப்பட்டாள். மேலே ஏற்காடு டவுனில் சனிக்கிழமைதோறும் கணக்கு வகுப்பு நடத்தும் ஒரு வாத்தியாரிடம் சித்தி ஒரு மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள், அப்புறம் இங்கே எதற்கு என்றாள் அம்மா. "என்ர டீச்சர் இங்கதானுங்க்கா இருக்குது" என்று சித்தி சிரித்தாள்.

நோட்டைத் திறந்து, ரூட் பன்னிரண்டைத் தொட்டுக் காட்டினாள். "இதைய உள்ள பிரிச்சுப் பாக்கலாமா கண்ணு? எனக்கு அது தெரியல."

எனக்கு உயிர் வந்தது. சொல்லிக்கொடுக்காமல் விட்டதை இப்போதுதான் புதிதாக நடத்துவதுபோல, நான்கு பெருக்கல் மூன்று என்று ஆரம்பித்து முழுவதையும் விளக்கினேன். சித்தி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு நான் கொடுத்த ரூட் எழுபத்தைந்தை, நான் சொல்லி முடிப்பதற்குள், ஐந்து ரூட் மூன்று என்று எழுதி முடித்துவிட்டாள். நான் எவ்வளவு கெட்டிக்கார டீச்சர் என்று அன்று ராத்திரி அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.