நாச்சிமுத்து வீட்டில் ஓடிய பெட்டி

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நாச்சிமுத்து அண்ணன் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. கணபதி பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டி தேதியைப் படித்தபோது காரியமே முடிந்திருந்தது. நம் ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டுக் குழுவில் என் நம்பர் இல்லாதவர் கிடையாது. விலகிப் போனவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கட்டும்.

பிறகு குழுவின் பக்கத்தில் நீங்கள் எழுதியவற்றைப் படித்தேன். 'தங்கக் காது' என்கிறார் ஒருவர். 'ஃபீட்பேக் போட்ட பெட்டியில் கடைசிவரை பாட்டுக் கேட்காதவர்' என்கிறார் இன்னொருவர். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இசைத்தட்டில் பாட்டை அப்படியே பதிப்பதில்லை. கனத்த ஒலிகளைக் குறைத்து, கூர்மையான ஒலிகளைக் கூட்டிப் பதிப்பார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்வது ப்ரீஆம்ப் என்ற பெட்டியின் வேலை. வால்வு ரேடியோ காலத்துப் பழைய பெட்டிகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒரு வடிகட்டி இருக்கும். அதைக் கடந்து மெலிந்து வரும் ஒலியை அடுத்த வால்வு தூக்கிவிடும். கூடவே கொஞ்சம் இரைச்சலும் ஏறும். இரண்டாவது வழி ஃபீட்பேக். வெளியே வந்த ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பி, அதைக்கொண்டே சமன்செய்வது. இரைச்சல் குறையும், ஆனால் ஒலி இறுகிவிடுகிறது என்பார்கள்.

அண்ணனின் பெட்டி வடிகட்டி வகை. பொள்ளாச்சியில் ஒரு எஸ்டேட்காரர் பங்களாவிலிருந்து வந்தது. என்னுடையது ஃபீட்பேக். ஈரோட்டில் மூடிப்போன தியேட்டரில், படம் தொடங்கும் முன் பாட்டுப் போட வைத்திருந்தது. நான் வாங்கிப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். அவர் பம்புசெட் கம்பெனி முதலாளி, நான் கல்லூரி ஆசிரியன். படித்தது ஒரே கல்லூரியில், அவர் சில வருடம் முன்னால். புதிதாக யார் வந்தாலும் அவர்களிடம் சொல்வார்: "வெளிய சொன்னதத் திருப்பி உள்ள கொண்டுபோய்த் திருத்தறதுங்க வாத்தியார் பொட்டி. நம்முளுது ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதானுங்க." எல்லோரும் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன்.

ஒருமுறை என் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. தன் கம்பெனியிலேயே புதிதாகச் சுற்றி, அவரே வீட்டுக்கு எடுத்து வந்தார். "உங்க பொட்டி செத்துப்போச்சுன்னா நான் யாருகூடங்க சண்ட கட்டறது?" என்றார். இந்த மனிதரைத்தான் நான் பகைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் வீட்டு மாடியில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரே நாகஸ்வரத் தட்டை இரண்டு பெட்டிகளிலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். அத்தனை கைகளும் அவர் பெட்டிக்குத்தான் உயர்ந்தன. என் பெட்டி கொஞ்சம் சத்தம் குறைவாக ஓடியது. சத்தம் எதில் ஒரு துளி கூடுதலோ அதைத்தான் காது நல்லது என்னும். மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்கி இன்னொரு தடவை கேட்போம் என்றேன்.

"ஏனுங்க வாத்தியாரே, ஃபெயிலான பையன் கேள்வித்தாள் சரியில்லீங்கறாப்பல இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஒருவர்கூட 'இன்னொரு தடவை கேட்கலாமே' என்று சொல்லவில்லை. நான் எழுந்து படியிறங்கினேன். "ஏனுங்க, பொட்டி?" என்று மேலிருந்து கேட்டார். "நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். பிறகு சில முறை போன் செய்து, வந்து எடுத்துப் போகச் சொன்னார். சத்தம் சமமாக இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் போகவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

போஸ்டரைப் பார்த்த அன்றே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சரோஜா அக்கா கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. இப்பத்தான் ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?" என்று மாடிக்கு அழைத்துப் போனார். பொள்ளாச்சிப் பெட்டி அலமாரி மேல் துணி மூடிக் கிடந்தது. இசைத்தட்டு சுழலும் மேசையில், ஒயர் மாட்டிய நிலையில், என் ஈரோட்டுப் பெட்டி.

"இது எப்ப இருந்துங்க அக்கா?"

"நீங்க உட்டுப்போட்டுப் போனதுலருந்து இதுதானுங்க ஓடுது. மேல இருக்கறது ஞாயித்துக்கெழம ஆளுங்களுக்கு. அவங்க வர்றதுக்கு முன்னால அவசர அவசரமா மாத்தி வெப்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"நானும் சொன்னனுங்க தம்பி. 'வாத்தியாரு நாளைக்கே ஊரெல்லாம் சொல்லிப்போடுவாரு, போ அம்மணி'ன்னுட்டாரு." சிரித்தவர், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகள் புதியவை. மற்றபடி, சமன்செய்யும் பகுதியில் நான் வைத்த ஒரு ரெசிஸ்டரைக்கூட அவர் தொடவில்லை. கைக்கு வந்த எதையும் பிரித்து மாற்றாமல் விடாத மனிதர். இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்குத் தந்ததில்லை. தந்ததை என்னிடம் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்க எனக்கும் வரவில்லை.

இரண்டு பெட்டிகளும் அங்கே இருந்தன. சத்தத்தைச் சமமாக்கி, அன்று நான் கேட்டும் நடக்காத சோதனையைச் செய்திருக்கலாம். எதிரே நின்று மறுத்துப் பேச ஆள் இல்லை. மூடியைத் திரும்ப மாட்டினேன்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் அக்கா. அது அங்கேயே ஓடட்டும் என்றேன். "அப்ப அதையாச்சும் கொண்டுபோங்க" என்று அலமாரியைக் காட்டினார். பொள்ளாச்சிப் பெட்டி இப்போது என் வீட்டில் ஓடுகிறது. தட்டு தொடங்கும் முன் லேசான இரைச்சல் வருகிறது. சரிசெய்ய எனக்குத் தெரியும். செய்யப்போவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த இரைச்சல்தான்.

அன்று மாடியில் சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதன் கீழே பெயரைப் போட்டால், கடைசியில் வாத்தியார் ஜெயித்துவிட்டார் என்பீர்கள். எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் போடவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், அண்ணா. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பெயரையாவது விட்டுவிடுகிறேன்.