எருத்தேன்பதியில் ஒரு ஜப்தி வீட்டை அளந்த கதை

பேங்க் விற்கிற வீட்டைப் பார்க்கப் போகிறோம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் அப்படி ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்கப் போனேன். அதுவும் எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மூணாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஞானமுத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். அவருக்கு ரிட்டையர்மென்ட் நெருங்கிவிட்டது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் என்று பெயருக்கு ஒன்று உண்டு, அங்கே எங்களுக்கு ஒரு கூரைகூடக் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் மலையாளப் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கடன் கட்டாததால் நில அடமான பேங்க் எடுத்துக்கொண்ட வீடு, எருத்தேன்பதியில், விலைக்கு. எல்லையோரம், கேரளாவுக்குள்ளேயே தமிழ் பேசுகிற ஊர், கேரள ரேஷன் கார்டை மாற்ற வேண்டாம். இதைவிட நமக்கு என்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டோம்.

விடியற்காலை பஸ். மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது, இவர் ஜன்னல் பக்கம் யானை தேடிக்கொண்டிருந்தார். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி முப்பது கிலோமீட்டர், அங்கே பஸ் மாறி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி எருத்தேன்பதி. கேரளாவில் ஏறி, தமிழ்நாட்டுக்குள் பாதி நாள் ஓடி, மறுபடி கேரளாவில் இறங்கினோம். டிக்கெட் விலையைக் கேட்காதீர்கள், இன்றைக்கு அந்தக் காசில் ஒரு வடைகூட வராது. நாங்கள் போன அன்று பக்கத்து வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. கடைசி பஸ்ஸில் எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் மாட்டு விலைதான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

டீக்கடையில் வழி கேட்டோம். "ஆறுச்சாமி ஊடுங்களா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அப்புறம் எங்களைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டி வழி காட்டினார். பேங்க் வீடு என்றால் பூட்டிக் கிடக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் வாசலில் நிலக்கடலை காய்கிறது, கொடியில் துணி தொங்குகிறது. விற்கும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று பேங்க் அவர்களையே விட்டுவைத்திருந்தது.

உள்ளேயிருந்து மயிலாத்தாள் வந்தார், ஆறுச்சாமியின் மனைவி. ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மோர் வந்தது, முதலில் குடிக்கச் சொன்னார். அதன்பிறகுதான், "ஊடு பாக்க வந்தீங்களா? பாருங்க" என்றார். நான் பாதி மோரோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இவர் சும்மா இருக்கவில்லை. ஃபிட்டர் புத்தி, பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார். மறுமுனையை நான் பிடிப்பேன் என்று பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மயிலாத்தாள் வந்து அதைப் பிடித்தார். தன் வீட்டை அடுத்தவர் அளக்க, ஒவ்வொரு சுவராக அவரே டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "அந்த மூலை மழைக்கு ஒழுகுமுங்க. வாங்குனதுக்கப்பறம் ஏமாத்திப்போட்டாங்கன்னு சொல்லக்கூடாது பாருங்க." என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மத்தியானம் ஆறுச்சாமி காட்டிலிருந்து வந்தார். காடு என்றால் அந்தப் பக்கத்தில் வயல். கிணறு வெட்டக் கடன் வாங்கினாராம், கிணற்றில் பாறைதான் வந்ததாம், அதோடு மழையும் இரண்டு வருஷம் பொய்த்ததாம்.

"பேங்குல போய் நிலைமையச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எப்புடிங்க போறது? கடன் குடுத்தவிய முன்னால வெறுங்கையோட நிக்கறதுங்களா? பாதியாச்சும் சேரட்டும், கொண்டுபோய்க் குடுத்துட்டுப் பேசலாம்னு இருந்தனுங்க."

பாதி சேரவே இல்லை. ஆறுச்சாமியும் பேங்க் வாசலை மிதிக்கவே இல்லை. அந்த ஊரில் பலரும் அப்படித்தானாம். கடன் கொடுத்தவரைப் பார்க்கப் போனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போகக்கூடாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கு உங்க மரியாத. ஊடு போனாலும் பரவால்ல, மொகம் போகக் கூடாதாக்கும்" என்று முன்பின் தெரியாத மனிதரைத் திட்டிவிட்டேன். "ஏட்டி, சும்ம கெட" என்றார் இவர். ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள், தங்கினோம். காலையில் ஆறுச்சாமியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, இவரோடு, பேங்க் இருக்கிற சித்தூருக்குப் பஸ் ஏறினேன். பேங்க் செக்ரட்டரி ஒரு வயசான மலையாளி. ஆறுச்சாமியைப் பார்த்ததும், "ஒண்ணு வந்நு பறஞ்ஞூடாயிருந்நோ?" என்றார். ஒருதரம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அர்த்தம். மழை பொய்த்த வருஷங்களுக்குக் கெடு நீட்டித் தந்திருப்பாராம். இப்போதும் வழி இருந்தது. வேறு ஆளுக்கு விற்கும் முன்பு பாக்கியில் பாதியைக் கட்டினால், மீதியைத் தவணையாக்கி வீட்டை அவருக்கே திருப்பிவிடலாம். ஆனால் அந்தப் பாதிக்கு ஆறுச்சாமி எங்கே போவார்?

இவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பின்பக்கம் ரெண்டு ரூமு அளந்தேன். நமக்குப் போதும். ஒத்திக்குக் கேப்பமா?" ஒத்தி என்றால் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்து தொகையைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்துவிட வேண்டும். நாங்கள் கொடுக்கிற தொகையை ஆறுச்சாமி அந்தப் பாதியாக பேங்கில் கட்டிவிடலாம், வீடு வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும். இந்த மனுஷன் ஒருநாள்கூட இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் சரி என்றேன். ஆறுச்சாமியும் செக்ரட்டரியும் தலையாட்டினார்கள்.

அடுத்த மாதமே குடிவந்தோம். மயிலாத்தாள் எங்கள் அடுப்பில் முதல் பாலைக் காய்ச்சினார், நான் ஜெபம் பண்ணினேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். வீட்டைப் பகலில் போய்ப் பாருங்கள், யாராவது குடியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பேங்கில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், பழைய கடன்காரருக்கு மீட்க இன்னும் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒழுகுகிற மூலையைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே கடன் கட்ட முடியாமல் இருப்பவர் என்றால் நாளைக்கே பேங்குக்குப் போங்கள், வெறுங்கையோடு போங்கள். மறையூர்ச் சாலையில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள்.

ஒத்திக் கெடு முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையிலிருந்தே என் காது பின்வாசலில்தான் இருந்தது. ஆறுச்சாமி பணத்தோடு வந்தால் நாங்கள் மறுபடியும் ஊர் ஊராக வீடு தேட வேண்டும். இவருக்கு அப்போது முட்டி வலி வேறு. வெயில் ஏறின பிறகு ஆறுச்சாமி வந்தார். வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பணம் இன்னும் சேரலீங்கம்மா. வெறுங்கையோடதான் வந்திருக்கறேன். சொல்லிப்போட்டுப் போலாம்னு."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, டீ போடுகிற சாக்கில் உள்ளே போய், கர்த்தருக்கு நன்றி சொல்லி அழுதேன்.