மாதம் ஆறு ரூபாய் ஜீவனாம்சம்

சந்தனத்தின் வாழ்க்கையைக் கெடுத்தது அவள் புருஷன் சேவுகன் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி நான். புதுக்கோட்டைக் கோர்ட்டில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய ரெங்கசாமி. நான் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல வேறு நாதி கிடையாது. அதனால் சொல்லித் தொலைக்கிறேன்.

திருவரங்குளத்துப் பக்கமிருந்து விறகுக்கட்டு சுமந்து திருக்கோகர்ணத்துக்கு வருவாள் சந்தனம். என் வீட்டு அடுப்பு எரிந்ததும் அவள் விறகில்தான். ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு நாள் தலையில் கட்டும் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையுமாக வந்து நின்றாள். குழந்தைக்கு வயிறு மட்டும் உப்பி, கை கால் எல்லாம் குச்சியாக இருந்தது.

"ஏம்மா, புள்ளைய வீட்டுல விட்டுட்டு வரக் கூடாதா?" என்றேன்.

"வீடு ஏதுங்க? தீத்து விட்டுட்டாக," என்றாள்.

அவர்கள் வகையறாவில் கல்யாணத்தை முறிக்க ஒரு துரும்பு போதும். நாலு பேர் முன்னால் புருஷன் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. வேறொருத்தியைக் கட்டுவதற்காகச் சேவுகன் கொடுத்தான்; இவள் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் வீட்டிலேயே ஏழெட்டு வாய். யார் சோறு போடுவது?

நான் வாயை மூடிக்கொண்டு விறகுக்குக் காசைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சட்டம் தெரிந்த நாக்கு சும்மா கிடக்குமா?

"பெத்தவன் புள்ளைக்குச் சோறு போடணும்னு சட்டமே இருக்கு. அதுக்குப் பேரு ஜீவனாம்சம். துரும்பு வாங்குனது நீ. ஒம் மக வாங்கலையே?" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்கய்யா. அவுக காசு குடுத்தா புள்ள அவுகளுக்குப் போயிரும்."

அதுவும் அவர்கள் வழக்கம். தகப்பன் விட்டுப் போன பிள்ளைக்கு அவன் ஒரு படி நெல்கூடத் தராவிட்டால் பிள்ளை தாய்க்குத்தான். மாதாமாதம் சோற்றுக்குக் கொடுத்து வந்தானென்றால் ஏழாம் வயதில் அவன் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். தாய்க்குக் கொடுத்தது வளர்ப்புக் கூலி என்று ஆகிவிடும்.

"இவ ஒருத்திதாங்க எனக்கு," என்றாள்.

நான் சிரித்தேன். "சமஸ்தானமே போயிருச்சு, இன்னும் துரும்பு, கூலின்னுகிட்டு! இது அவன் குடுக்குற கூலி இல்லம்மா, ஒம் மகளோட பாத்தியதை," என்றேன். அவளையும் அண்ணன் அழகுமலையையும் விடாமல் பிடித்து, மனு எழுதி, ரேகை வைக்கச் சொன்னேன். எங்கள் வக்கீலும் தர்மத்துக்கு வாதாடினார். மாதம் ஆறு ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. சேவுகன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "குடுத்துருறேங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

முதல் மணியார்டரைச் சந்தனம் வாங்காமல் திருப்பினாள். இரண்டாவதையும் திருப்பினாள். மூன்றாம் மாதம் மழையில்லாமல் காடு கழனியில் வேலையே இல்லை. அழகி, அதுதான் குழந்தையின் பெயர், கழிச்சல் கண்டு துவண்டு கிடந்தது. தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "புள்ள செத்துப் போனா ஒங்க வழக்கமா வந்து எழுப்பும்? காசை வாங்கித் தொலையேன்!" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே போனாள். அந்த மாதம் ரேகை வைத்து வாங்கினாள். பால் வாங்கினாள், வைத்தியம் பார்த்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆறு ரூபாய் ஒரு மாதம் தவறியதில்லை. ஜீவனாம்சம் இவ்வளவு ஒழுங்காக வந்து நான் பார்த்ததே இல்லை. கோர்ட்டு வராந்தாவில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். எதற்காக இந்த ஆள் தவறாமல் அனுப்புகிறான் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மரமண்டை!

ஐம்பத்தேழு தை மாதம் அவர்கள் வகையறாப் பெரியவர்கள் ஐயனார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அவள் ரேகை வைத்த ரசீதுகளை எல்லாம் நூலில் கோத்து வைத்திருந்தான் சேவுகன். "சோத்துக்குக் குடுத்தாச்சு. புள்ளைக்கு ஏழு வயசு. கூட்டிட்டுப் போறேன்," என்றான். புதுப் பெண்டாட்டிக்கு இரண்டு கைக்குழந்தைகள். தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் அவன் பாசம்.

சந்தனம் இருந்த மூன்று ஆட்டையும் விற்று அந்தக் காசை நடுவில் வைத்தாள். "வாங்குனத எல்லாம் திருப்பித் தாறேங்க. மிச்சத்துக்குத் தவணை குடுங்க. புள்ளைய மட்டும் விட்டுருங்க," என்று விழுந்து கும்பிட்டாள்.

"தின்ன சோத்தக் கக்க முடியுமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்களாம்.

என்னிடம் ஓடி வந்தாள். நான் வக்கீலிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு வயசு தாண்டிருச்சு. சட்டமும் தகப்பனைத்தான் முதல்ல சொல்லுது. வழக்குப் போட்டாலும் நிக்காது. தகப்பன் அவன்தான்னு நிரூபிச்சதே நாமதானேய்யா?" என்றார். வெளியே வந்து அவளிடம் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அழகி தூணைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றதாம். சந்தனமே விரல்களைப் பிரித்து அனுப்பினாளாம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் விறகு கொண்டுவந்தாள், நான் காசு கொடுத்தேன். மகளைப் பார்க்கப் போனபோதெல்லாம் சேவுகன் விரட்டி விட்டான் என்பது எனக்கு அழகுமலை சொல்லித்தான் தெரியும்.

அறுபத்தாறில் அழகிக்குக் கல்யாணம், திருவரங்குளம் சிவன் கோயிலில். "தனியாப் போனா வெரட்டிருவாக. நீங்க கூட வாங்கய்யா," என்றாள் சந்தனம். போனேன். தாலி கட்டி முடிந்து பிராகாரத்தில் நின்ற பெண்ணிடம் ஒரு சுங்குடிச் சேலையை நீட்டினாள்.

அழகி கையை நீட்டவில்லை. "வளத்ததுக்குத்தான் மாசாமாசம் கூலி வாங்கிட்டியாமே. இன்னும் என்ன?" என்றாள்.

நான் குறுக்கே புகுந்தேன். "கூலி இல்லம்மா அது. ஒனக்குச் சேர வேண்டியது. வாங்கச் சொன்னதே நான்தான். பாவி நான்தான்," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பினாள். "வாங்குனா நான் போயிருவேன்னு ஒனக்குத் தெரியும்ல? வேணாம்னு சொல்ல வாய் இல்லியா ஒனக்கு?"

"சொன்னேன் தாயி, ரெண்டு மாசம் சொன்னேன்," என்றாள் சந்தனம். "மூணாம் மாசம் நீ கண்ணே முழிக்கல."