கள்ளிக்குப்பம் முதல் பாரிவாக்கம் வரை: பழைய கார் தேடிப் போன ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, என் எட்டு வருட டீசல் கார் பூந்தமல்லி அருகே நடுச்சாலையில் நின்றுவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். பிரசவத்துக்குள் நம்பி ஏறுகிற மாதிரி ஒரு பழைய கார் வாங்கியே ஆக வேண்டும். இணையத்தில் கிடக்கும் விமர்சனங்களை விட, பல வருடம் ஓட்டியவர்களிடமே நேரில் கேட்கலாம் என்று சென்ற சனிக்கிழமை கிளம்பினேன். அவ்வளவு அப்பாவி நான்.

காலை 9.10க்குக் கள்ளிக்குப்பத்தில் ஆட்டோ ஏறினேன். நாள் வாடகை 900 ரூபாய். ஓட்டுநர் சேகர் முன்பு மெக்கானிக்காக இருந்தவர். ஆவடி நெரிசலைத் தாண்டிக் கோவில்பதாகை சேர 11 கிலோமீட்டர், 45 நிமிடம். அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், தன் ஒன்பது வருட செடானுக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார். சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் இருந்தது. ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்றார். நான் மயங்கிவிட்டேன். சேகர்தான் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சீட் பெல்ட்ட கடசி வரைக்கும் இஸ்து பாரு சார். மேல தொட்ச்சி வெச்சிருப்பாங்கோ. உள்ள சுத்திகினு கீற எடத்த எவனும் தொட மாட்டான்."

சீட் பெல்ட்டை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. அவர் துணியை மறுபடி போர்த்தினார்.

அங்கிருந்து பாரிவாக்கம் 14 கிலோமீட்டர். 11.40க்குச் சேர்ந்தோம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரின் ஆறு வருட பெட்ரோல் கார். கிளட்ச் மாற்றியது, ஏசி சொதப்பியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நான் பெல்ட்டைத் தொட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அதே கோடு. மழை எச்சரிக்கை வந்து இரண்டு ராத்திரி காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டாராம், சொட்டு மழை இல்லை. மூன்றாம் நாள் அலுத்துப்போய் ஃப்ளாட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். அன்றைக்குத்தான் தண்ணீர் ஏறியது.

"மூணாவது நாளும் ஏத்தி வச்சிருக்கணும்ங்க," என்றார். "உங்க வண்டிய எங்க விட்டிருந்தீங்க?"

நேரமாகிறது என்று சேகரை ஆட்டோ எடுக்கச் சொன்னேன். 2.15க்கு வீடு. மனம் விட்டுப் போயிருந்தது. எந்தக் காரில் அவளை ஏற்றுவேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள், ஆவடி கொஞ்சம் காலியாக இருக்கும். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். எந்த மாடல் உழைக்கும் என்று கேட்பதை விட, மழைக்கு எங்கே நின்றது என்று கேளுங்கள். பெல்ட் சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். என் பெல்ட் சுத்தமாகத்தான் இருக்கும். நானும் அந்த மூன்றாம் நாள் அலுத்துக்கொண்டவன்தான். அந்தச் சனிக்கிழமை வீடு வந்ததும் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத்தூளுமாக உட்கார்ந்து, நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துத் தேய்த்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு என் காரைப் பார்க்க ஒருவர் வருகிறார். கைக்குழந்தை இருக்கிறது, அதற்காகத்தான் கார் என்று போனில் சொன்னார். வெட்கமாக இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணே, கள்ளிக்குப்பத்தில் சாம்பல் நிற டீசல் பார்க்க வருவது நீங்கள்தான் என்றால், வராதீர்கள்.