படத்தில் வந்த முதலாளியம்மா

சுனாமிக்கு மறுவருஷம், சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். எட்டாவதோடு நின்றவள் நான். விலைச்சீட்டைத் தப்பாகப் படித்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பயப்பட வேண்டியது அதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் படத்துக்குப் போனார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அந்த மாதிரிப் படத்துக்குக் கடலூருக்குத்தான் பஸ் ஏறுவார். திரும்பி வந்ததும் கதையைச் சொன்னார். கம்பெனி முதலாளியம்மா ஒருத்தி, தன்னிடம் வேலை பார்க்கும் கல்யாணமானவனை மயக்கி ஆட்டிவைக்கிறாள். கடைசியில் அவனே அவளைச் சுட்டுவிடுகிறான்.

"தியேட்டரே விசிலு. நல்லா வேணும் அவளுக்கு."

"அவனும்தான ஆசப்பட்டுப் போனான்? அவன யாரும் சுடலியா?"

"அவன் ஆம்பளடி. இன்னும் வேலைக்கே போவல, அதுக்குள்ள வாயப் பாரு! நீ ஒண்ணும் போவ வேணாம்."

"நான் பொடவ மடிக்கப் போறேங்க. அங்க மொதலாளி ஆம்பளதான்."

"அப்ப இன்னும் மோசம்."

மேலே உட்கார்ந்தாலும் கீழே நின்றாலும் கெட்டவள் பொம்பளைதான்.

திங்கட்கிழமை காலை, எனக்கென்று வாங்கிய புது டிபன் பாக்ஸில் அவருக்குச் சோறு கட்டினேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு போனார்.