ஒரு சாண் முடி எங்கே போனது

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வந்துபோன காலத்தில் என் தலையை நானே சீவிக்கொண்டதாக நினைவில்லை. விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாக எனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். பிடித்து வைப்பவர் ஒரு அக்கா. சொந்தமில்லை, ரயில் பழக்கம்தான். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெண்கள் விடுதியில் அவருக்குச் சமையல் வேலை. பங்காருப்பேட்டை தாண்டி வெகுதூரம் வரை என் முடி ஜன்னல் காற்றில் காயும். மாலூர் வந்ததும் அக்கா தன் பையிலிருந்து அகலப்பல் சீப்பை எடுப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டி சீட்டின் விளிம்பில் உட்காருவேன்.

"ஆடாம உக்காருடி. ரயிலு ஆடுறது பத்தாதா?"

அவர் சீவியதை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. எதிர் சீட்டுக்காரி அவரைக்காய் நார் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் அவர் பேசிக்கொண்டே இருப்பார். விடுதிப் பெண்கள் உப்புமாவை ஒதுக்குவது, மகனுக்குப் பெண் பார்ப்பது, முட்டிவலி. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் சடை முடிந்து, முதுகில் ஒரு தட்டு விழும். இறங்கிப் போய்விடுவார். என் முடி இடுப்பைத் தொட்டது அந்த ரயிலில்தான்.

அம்மா இறந்த பிறகு தங்கவயல் வீட்டில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று இடம் சரியாகிவிட்டது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்து போகும். அதைச் சில மாதம் பார்த்துவிட்டு, பெங்களூர் ஜீவனஹள்ளியில் இரண்டாம் மாடியில் ஒரு அறை, சமையல் மூலை, குளியலறை என்று வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் அங்கிருந்து நடக்கும் தூரம். ரயிலில் போகும் நேரமெல்லாம் மிச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மிச்சமான நேரத்தைத் தூங்கிக் கழித்தேன். கடைசி நிமிடத்தில் எழுந்து, குளித்து, ஈரத்தலையைச் சீவி, முறுக்கிக் கொண்டையாக்கி, ரப்பர் பேண்டை இறுக்கி, லேப் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு ஓடுவேன். சாயங்காலம் திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போனபோது அண்ணிதான் முதலில் கேட்டாள்.

"இன்னா, முடிய வெட்டிகினியா?"

"இல்லியே அண்ணி."

"அப்ப ஏன் அங்கியே நிக்குது? இதுக்குள்ள எவ்ளோ வளந்திருக்கணும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு வடைக்கு மாவு தட்டப் போய்விட்டாள். எனக்கு அது மனதில் தைத்தது. சிறு வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை அடையாளம் சொன்னது முடியை வைத்துத்தான். நிறமோ படிப்போ அல்ல, "அந்த நீட்ட சடைப் பொண்ணு." அறைக்குத் திரும்பியதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருகிப் பார்த்தேன். வந்த நாளில் இருந்த அதே இடுப்பில்தான் சடை நின்றது.

தண்ணீரைத்தான் முதலில் சந்தேகித்தேன். பெங்களூரில் முடி கொட்டினாலும் முகம் கறுத்தாலும் எல்லோரும் தண்ணீரைத்தான் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் காவேரித் தண்ணீர் வராத நாளில் டேங்கர் வரும். பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப்படலம். அது என் தலையிலும் படிகிறது என்று நினைத்து, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் கொஞ்ச நாள் தலையை அலசினேன். அப்புறம் கரிசலாங்கண்ணி எண்ணெய். அப்புறம் வெந்தயம் அரைத்து அப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிளாஸ்டிக் கவர் கட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோலத்தில் யாராவது கதவைத் தட்டிவிடப் போகிறார்களே என்று பயந்தேன். யாரும் தட்டவில்லை.

லேபில் என்னோடு வேலை செய்யும் பெண் துமகூருக்காரி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள், எனக்கு இளையவள். அவளிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னேன். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன், ராகியும் கீரையுமாகச் சாப்பிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்ததில் ரத்தம் தேறியிருந்தது. முடி அதே இடுப்பில்.

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் தொப்பியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஹிந்தெ, பின்னாடி எல்லாம் வெள்ளை ஆயித்து. டை போடறதை விட்டுட்டீங்களா?"

விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. முன்பக்கம் மட்டும் காதோரம் தடவிக்கொள்வேன். பின்னந்தலைக்கு எனக்குக் கை எட்டாது. ஊரில் அம்மா பூசிவிடுவார். இங்கே வந்து ஒருமுறை நானே முயன்று, கழுத்தும் சுவரும் கறையானதோடு விட்டுவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "பாக்கணுமே, ஒரு போட்டோ எடு" என்றேன்.

அவள் போனில் எடுத்துக் காட்டினாள். என் முதுகை நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பின்னந்தலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை இழைகள் ஓடின. அந்த ஒரு சாண் முடிந்ததும் கோடு போட்டதுபோல் பழைய சாயக் கறுப்பு. அவள், "பரவால்ல அக்கா, ஸ்டைலாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொன்னாள். நரைதான் என்னைக் கலங்கவைத்தது என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு வேறொன்று உறைத்தது. சாயம் போடுவதை விட்ட நாளிலிருந்து ஒரு சாண் புதிதாக வளர்ந்திருக்கிறது. என் முடி வளராமல் இல்லை. ஒழுங்காகத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் கீழே ஒரு சாண் காணாமல் போயிருக்க வேண்டும்.

அன்று முதல் அறையில் விழும் முடியைக் கூட்டித் தள்ளாமல் பார்க்க ஆரம்பித்தேன். நீளமாக விழுந்தவை கொஞ்சம்தான். வெள்ளை வாஷ்பேசினைச் சுற்றி, தலையணை உறையில், ரப்பர் பேண்டுக்குள்ளே, நகத்தளவும் விரலளவுமாக நூல் துணுக்குகள்போல் கிடந்தவை நிறைய. இவ்வளவு நாளும் தூசியென்று துடைத்துப்போட்டதெல்லாம் என் முடி. கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

உதிர்ந்த நீள முடியின் ஒரு முனையில் வேர்க்குமிழ் வெள்ளையாகத் தெரியும். அது இயற்கையாக விழுவது. துணுக்குகளில் வேர் இல்லை. இரண்டு முனையும் பிய்ந்து, தேய்ந்த விளக்குமாறு மாதிரி சிலும்பியிருந்தன. ஒன்றில் நடுவிலும் ஒரு விரிசல். நாளெல்லாம் மற்றவர்களின் ரத்தத்தையும் சளியையும் பார்க்கும் அந்தக் குழாய்க்குள் என்னுடைய ஒன்றைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. பார்த்து முடித்த பிறகும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில், "ஒடையுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே வளர்கிற வேகத்தில் கீழே ஒடிந்துகொண்டிருந்தது. அதனால்தான் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது.

எதனால் ஒடிகிறது என்று தெரிந்துகொள்ள என்னையே கவனித்தேன். மறுநாள் காலை, வழக்கம்போல் அவசரமாகச் சீவும்போது, கையை நடுவில் நிறுத்தினேன். ஈர முடி. சிறுபல் சீப்பு. உச்சியிலிருந்து ஒரே இழுப்பு. பாதியில் சிக்கு தடுத்ததும் இன்னும் பலமாக ஒரு இழுப்பு. மெல்லிய சத்தத்தோடு ஏதோ அறுந்தது. அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறேன். பிறகு அந்த ஈரத்தோடேயே முறுக்கி, தினமும் அதே இடத்தில் ரப்பர் பேண்ட், அதன்மேல் தொப்பி. சாயங்காலம் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். சாயம் போட்டுப் போட்டு வறண்ட நுனி இதற்கெல்லாம் எப்படித் தாங்கும்?

ரயிலில் முடி காய்ந்த பிறகுதான் சீப்பு தலையில் பட்டது. கண்ணை மூடி யோசித்தபோது முதுகில் ஞாபகம் வந்தது. முதலில் இடுப்பருகே சின்னச் சின்ன அசைவு. பிறகு கொஞ்சம் மேலே. உச்சந்தலைக்குச் சீப்பு வந்தது எப்போதும் கடைசியில்தான். அக்கா நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார். நான் பார்க்காததை என் முதுகு நினைவில் வைத்திருந்தது.

இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. அண்ணியிடம் சொன்னால் சிரிப்பாள். அக்காவுக்கே போன் செய்தேன். நான் இங்கே வந்த புதிதில் அடிக்கடி பேசுவோம். பிறகு பண்டிகை வாழ்த்துப் படங்கள் மட்டும், பிறகு அதுவும் இல்லை. மணி வெகுநேரம் அடித்தது.

"அக்கா, நான்தான். ரயில்ல உங்க பக்கத்துல உக்காருவேனே, லேபுக்குப் போறவ."

"அய்யய்ய, நீயாடி! எப்டிக்கீற? நான் இப்ப ஓசூர்ல பையன் வூட்டாண்ட கீறேன். ரயில வுட்டே ரொம்ப நாளாச்சு. பேத்தியப் பாத்துகினு கெடக்குறேன்." பின்னால் குழந்தை அழுதது.

"அக்கா, என் முடி ஏன் வளரலன்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"வளரலியா? ஒனக்கு சுருட்ட முடியாச்சே. சுருட்ட முடி நீட்டம் தெரியாதுடி."

என் முடி நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"சரி, ஒம் பையன் எப்டிக்கீறான்? இஸ்கூலு முடிச்சிருப்பானே இந்நேரம்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எதிர் சீட்டில் அவரைக்காய் உரித்தவள்தான் சுருட்டை முடிக்காரி. பையனும் அவளுக்குத்தான். அவளும் ஏதோ ஒரு லேபில்தான் துப்புரவு வேலை செய்தாள். அக்கா எத்தனையோ பேருக்குச் சடை போட்டவர். எங்கள் எல்லோருடைய முகமும் அவருக்கு ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. அவர் குரலில் இருந்த பிரியம் உண்மையானது. அது எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

"நல்லாக்கீறான் அக்கா" என்றேன்.

"நல்லாப் படிக்க வை. வெச்சிரட்டுமா, கொழந்த அழுவுது."

அன்று சாயங்காலம் முழுவதும் அந்தப் பையன் என்னோடு இருந்தான். என்ன படிக்கிறான் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே சோறு வடித்தேன். கோபம் வரவில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் ஒரு சின்ன பார்லருக்குப் போனேன். கத்தரிக்கோலோடு வந்த பெண், "எஷ்டு கட் மாட்லி?" என்று கேட்டாள். எவ்வளவு வெட்டட்டும் என்று. கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். "இஷ்டா? யாக்கே மேடம்?" என்று, இவ்வளவு எதற்கு என்பதுபோல், அவள் தயங்கினாள். அவ்வளவும் பிய்ந்துபோனது, வைத்திருந்தால் மேலேயும் கிழியும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். சீப்பை எடுத்து அவள் வேலை தொடங்கினாள். பின்னங்கழுத்தில் அவள் விரல்கள் பட்டன. வேறொருவர் கை என் தலையில் பட்டு எத்தனை காலம். என் முகத்தைக் கண்ணாடியில் அவள் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்துகொண்டேன். "தலெ மேலே எத்தி" என்று மெதுவாக என் முகவாயை நிமிர்த்தினாள். என்ன கண்டாளோ, மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டி முடித்த பிறகும், தேவைக்கு அதிகமாகவே, நிதானமாகச் சீவிவிட்டாள்.

அதற்குப் பிறகு காலையில் தலைக்குக் குளிப்பதை விட்டேன். சாயங்காலம் அலசி, மொட்டை மாடியில் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்று காயவைத்து, நுனியிலிருந்து சிக்கெடுக்கப் பழகினேன். முதலில் தோள் வலித்தது. முடியை முன்பக்கம் போட்டுக்கொண்டால் எளிது என்று பிறகுதான் தெரிந்தது. தொப்பிக்குள் தளர்வான சடை, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி நாடா. சாயத்தை அடியோடு நிறுத்தினேன். லேபுக்கு வரும் பெரியவர்கள்கூட இப்போது எனக்கு மரியாதை கொடுத்து, "நீங்க, வாங்க" என்கிறார்கள்.

அறையில் எதுவும் மாறவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரரிடம் பேசியதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். முடி மட்டும் யாருக்கும் சொல்லாமல் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் அளந்து பார்க்கவில்லை.

போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு நாள், குளியலறையில் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சோப்பை எடுக்கக் குனிந்தபோது பின்னால் ஏதோ ஜில்லென்று பட்டது. பல்லியோ என்று பதறித் திரும்பினேன். சடையின் நுனி தரையில் சோப்புத் தண்ணீரில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நுனி சிலும்பாமல், தடித்து, அடர்த்தியாக இருந்தது.

"வளந்துடுச்சு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நுனியை முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி, சடையைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத் துணியை அலசினேன்.