கைய எடுத்துட்டியாக்கா?

எண்டர் விசையைத் தட்டும் முன் செங்கொடி போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வாள். "கைய எடுத்துட்டியாக்கா?" என்று கேட்பாள். பதில் வந்த பிறகுதான் விரல் இறங்கும். ராயபுரம் அலுவலகத்தில் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய காட்சி இது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்கூடத் தலையைச் சாய்த்து அவளைப் போல நடித்துக் காட்டுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடியும் போனை எடுப்பாள்.

லாரியைச் சரக்கோடு எடை போடும் மேடைகள் அந்தக் கம்பெனிக்குத் திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று. இரண்டிலும் கணினி உண்டு. முன்பெல்லாம் அதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் செங்கொடி பிளாப்பி வட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரிப் புழுதியில் பஸ் ஏறிப் போவாள். வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்பும்போது தலைமுடி சாம்பல் பூத்திருக்கும். அந்தச் சலிப்பில்தான் பெர்ல் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். ராயபுரத்தில் உட்கார்ந்து ஒருமுறை தட்டினால் போதும். அது கம்பி வழியாக இரண்டு ஊர்க் கணினிகளுக்குள்ளும் போய், சொன்ன வேலையைச் செய்து, அவற்றை அணைத்துத் திரும்பக் கிளப்பிவிட்டு வரும்.

அதில் ஒரே ஒரு சிக்கல். சரக்கு வண்டி முதலில் மேடை ஏறும். பிறகு சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்ப ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. காலி வண்டி வரும்வரை முதல் எடையைக் கணினிதான் நினைவில் வைத்திருக்கும். நடுவில் அணைந்தால் போச்சு. அதனால்தான் போன். வண்டி ஏதும் நிலுவையில் இல்லை, விசைப்பலகையிலிருந்து கை எடுத்தாச்சு என்று மேடைக்காரர் சொன்ன பிறகுதான் நிரல் ஓட வேண்டும்.

முதலாளி டென்னிஸ் தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். கணினி படித்தவர், பெர்லும் தெரியும். பொறுமைதான் கிடையாது. ஒருநாள் செங்கொடி சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நானே ஓட்டிட்டேம்மா. ஒரே தட்டு, முடிஞ்சிது. நீ ஏன்தான் ஊருக்கெல்லாம் போன் போட்டுட்டு இருக்கியோ!"

அவள் போனுக்குக் கை நீட்டுவதற்குள் அதுவே அடித்தது. எண்ணூரிலிருந்து தாயம்மா. அந்த மேடையைப் பார்த்துக்கொள்பவள், பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி.

"இன்னாமே இது, மிசினு தானா அணைஞ்சி பூட்ச்சி! பழைய இரும்பு வண்டி ஒண்ணு ஏறிட்டுப் போயி சரக்கக் கொட்டிகினு கீது. இப்ப காலியா வருவானே, இன்னா சொல்லுவேன்?"

கொட்டிய இரும்பு பெருங்குவியலோடு கலந்துவிட்டது. இனி அதை யாராலும் எடை போட முடியாது. எடைச்சீட்டு இல்லாமல் காசு வராது என்று அந்த இரும்பின் சொந்தக்காரர் பக்தவச்சலம் சாயங்காலத்துக்குள் ராயபுரத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, என் லோடு காத்துல கரைஞ்சிடுச்சா?"

டென்னிஸ் கண் இமைக்காமல் சொன்னார்: "அங்க இருக்கிற பொம்பள பண்ண வேல அண்ணாச்சி. காத்தாடி போடணும்னு பிளக்கைப் புடுங்கிருவா. நாளையிலேருந்து அவ வரமாட்டா."

தாயம்மா எப்போதோ ஒருமுறை வெக்கை தாங்காமல் மின்விசிறிக்காகக் கணினியின் பிளக்கைப் பிடுங்கியது உண்மை. அதனால் இதையும் எல்லோரும் நம்பிவிடுவார்கள். அவள் வருமானம் ஒன்றில்தான் குடும்பம் ஓடுகிறது. செங்கொடி எழுந்து நின்றாள்.

"அக்கா தொடல சார். இங்கேருந்து அணைச்சது. நீங்கதான் அணைச்சீங்க."

"செங்கொடி, உக்காரு!"

"மாட்டேன் சார்."

பக்தவச்சலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ராயபுரத்துல குந்திகினு எண்ணூரு மிசின அணைப்பியா? யாருகிட்டம்மா ரீலு வுடுற?"

செங்கொடி எண்ணூருக்கு அடித்துப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, வண்டி ஏதாச்சும் பாக்கி கீதா?"

"எதுவும் இல்லமே. அழுதுகினு குந்திகினு கீறேன்."

"கைய எடுத்துட்டியா?"

"எடுத்து இடுப்புல வெச்சிகினேன்."

நிரலை எண்ணூருக்கு மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டுச் செங்கொடி தட்டினாள். மத்தியானப் பயம் இன்னும் தெளியாத தாயம்மா வீறிட்ட சத்தம் போன் வழியே அறை முழுக்கக் கேட்டது.

"ஐயய்யோ, மறுபடியும் பூட்ச்சே! மாதா மேல சத்தியமா நான் தொடவே இல்ல!" பிறகு, மெதுவாக: "இரு இரு... தானா வருதுமே."

பக்தவச்சலம் வாய் பிளந்தார். "பேய் பூந்த மாதிரி கீதே!" என்றவர், டென்னிஸ் பக்கம் திரும்பி, "அப்ப என் லோடுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். போன லோடின் எடையையே இதற்கும் வைத்து எடைச்சீட்டு தருவதாக டென்னிஸ் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் போனதும் டென்னிஸ் கதவைச் சாத்தினார். "கஸ்டமர் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"அக்கா சோத்துல நீங்க கை வெச்சீங்க சார். அவங்கள நிறுத்தினா நானும் வரமாட்டேன்."

மறுநாள் தாயம்மா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

அந்த வாரமே செங்கொடி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். மேடையில் இருப்பவர் 'சரி' என்று தட்டும்வரை நிரல் அங்கேயே காத்து நிற்கும். முதலாளியே ஓட்டினாலும் நிற்கும்.

"அத எடுத்துரு, நேரம் வீணாகுது" என்றார் டென்னிஸ்.

"நான் எடுக்க மாட்டேன் சார். உங்களுக்கும் பெர்ல் தெரியும், வேணும்னா நீங்க எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளிடம் வேலையைத் தவிர வேறு பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவள் வருந்தவும் இல்லை.

இப்போது கணினிகள் மாறிவிட்டன. பழைய நிரலைச் செங்கொடி பைத்தான் மொழியில் புதிதாக எழுதிவிட்டாள். அந்த வரி அதிலும் இருக்கிறது. தாயம்மா எண்ணூர் மேடையில்தான் இருக்கிறாள், காத்தாடிக்குத் தனிப் பிளக் வந்துவிட்டது. டென்னிஸ் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.